உன் காலைப் பார்த்து வாசித்தேன்

மார்ச் 11

அண்ணா,

நான் கிளம்பி வந்து ஆறு மாதமாகியும் போனை எடுப்பதில்லை என்று நீ வைராக்கியமாக இருப்பதால் இந்தக் கடிதம். அண்ணிதான் யோசனை சொன்னார்கள். "எழுதிப் போடு, கவரைக் கிழிக்காம இருக்க அவரால முடியாது" என்றார்கள். கிழித்துவிட்டாய் அல்லவா? இனி முழுதாகப் படித்துவிடு.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நம் மியூசிக் பாண்டை விட்டு வந்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. சொன்ன விதம்தான் தப்பு. கச்சேரி முடிந்து நீ டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஏதோ கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல, மியூசிக் ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. நீ கையில் இருந்த சிம்பல் தட்டைக் கீழே போட்டாய். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கூடத் துடைப்பத்தோடு திரும்பிப் பார்த்தார். "போ. போனா போனதுதான்" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இங்கே என் பாஸ் கிட்டார் வகுப்பு மூன்றாவது மாடியில். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். என் மாணவர்களில் ஒருவர் பல் டாக்டர். தந்தியைப் பிடுங்குவதைப் பார்த்தால் என் பல் கூசுகிறது. பிரின்சிபால் அம்மா ஒரு காலத்தில் செல்லோ வாசித்தவர். சிரிக்க மாட்டார். போன வாரம் நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க சுரம் நாம நினைக்கிற இடத்துல விழல. ஒரு மூச்சு கழிச்சு வந்து உக்காருது. இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

தெரியாது என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. பாட்டுக்கு அடியில் ஓடும் பாஸ் லைனைச் சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு யார் யாருடைய பாதிப்பு இருக்கும் என்று எல்லா மாணவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து யோசித்தேன். முதலில் ஞாபகம் வந்தது நாம் குடியிருந்த அந்த ஒற்றை அறையின் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் அல்லவா, சரி செய்த ஸ்பீக்கரை எல்லாம் நம் சுவரோடு சாய்த்துப் பாட விட்டுப் பார்ப்பார். சுவரைத் தாண்டிப் பாடகர் வர மாட்டார், புல்லாங்குழல் வராது. அடியில் ஓடும் தும் தும் மட்டும் வரும். நிறையப் பாட்டுகளின் அடிவயிறு மட்டும்தான் எனக்குத் தெரியும். பிற்பாடு முழுப் பாட்டையும் கேட்டபோது, மேலே இவ்வளவு பேர் குடியிருந்தார்களா என்று இருந்தது. அப்புறம் அடிச்சுரம் வாசித்த நம் கீபோர்டு மாமாவின் இடது கை. அவர் பாண்டை விட்டுப் போனபின் அந்தக் கை பார்த்த வேலை முழுக்க என் தலையில் விழுந்ததே. நீ எங்கிருந்தோ கொண்டுவந்த ரெகே கேசட், அந்த ஜமைக்கா பாட்டுகள். அதில் பாஸ் வாசிக்கிறவர் பாதி நேரம் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பதற்கும் சம்பளம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீ ஓட்டுகிற பஸ்ஸையும் சேர்த்தேன். சிக்னலில் நின்று அது உறுமும்போது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து என் தடித்த தந்தியின் சுருதியை முனகிப் பார்ப்பேன். மயிரிழைதான் வித்தியாசம்.

ஆனால் அந்த ஒரு மூச்சு தாமதம் இவர்கள் யாரிடமிருந்தும் வரவில்லை. எல்லாரையும் மறுபடி கேட்டுவிட்டேன். உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. கோபத்தோடு எழுதினாலும் சரி.

சுண்டு

மார்ச் 30

சுண்டு,

கவரைக் கிழித்தேன். அண்ணியை வகையாகக் கவனித்துக்கொள்கிறேன்.

பெரிய ஆள் ஆகிவிட்டாய். பாதிப்பு பற்றி வகுப்பு எடுக்கிறாய். சுவர், மாமா, கேசட், பஸ் எல்லாம் வந்துவிட்டது. சுண்டுவிரல் கிட்டாரின் நாலாவது கட்டைக்கு எட்டவில்லை என்று அழுத பெண்ணை உட்காரவைத்து வாசிக்க வைத்தவன் மட்டும் பட்டியலில் இல்லை. இருக்கட்டும்.

நீ போனபின் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் இடத்துக்கு ஒரு பாங்க் குமாஸ்தாவைப் பிடித்தோம். நல்ல விரல். இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டு, "சார், உங்க கால் லேட்டா விழுது" என்றார். டிரம்ஸில் கையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம், காலால் அடிக்கிற பெரிய டிரம் மட்டும் பின்னால் வருகிறதாம். நீங்கள் வரவு செலவு பார்க்கிற ஆள், தாளம் பார்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். அவரும் போய்விட்டார். கிட்டார் வாசிக்கிற நம் நண்பன் கண்ணாடி என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சுற்றினால் ஏதோ சொல்ல நினைக்கிறான் என்று அர்த்தம். நான் கேட்கவில்லை.

கச்சேரி எதற்கும் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. டிரம்ஸ் மூலையில் துணி போட்டு மூடி இருக்கிறது. காலையில் பஸ் எடுக்கிறேன், சாயந்திரம் விடுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

இதற்கு மட்டும் பதில் எழுது, சுற்றி வளைக்காமல். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தாயே, என் கால் லேட்டா?

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணா,

பட்டியலில் நீ இல்லை என்று குறைப்பட்டாயே, இதைப் படி. பட்டியல் முழுக்க நீதான்.

உன் கடிதம் வந்ததும் கண்ணாடிக்குப் போன் செய்து, நம் ஒத்திகை டேப்புகளை எல்லாம் அனுப்பச் சொன்னேன். செருப்பு டப்பா ஒன்றில் அடுக்கி அனுப்பியிருந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். அண்ணா, ஆரம்பத்து டேப்புகளில் உன் காலும் என் சுரமும் சுத்தியலும் ஆணியும் மாதிரி ஒன்றாக விழுகின்றன. சுத்தமாக இருக்கிறது, ஆனால் சுவாரஸ்யம் இல்லை. நான் வேறு வாயாடி மாதிரி இடமே விடாமல் வாசித்துத் தள்ளியிருக்கிறேன். அப்புறம் ஒரு மூன்று நாலு வருஷத்துக்கு முந்திய டேப்பில் இருந்து, உன் கை ஒரு இடத்திலும் கால் கொஞ்சம் தள்ளியும் விழ ஆரம்பிக்கிறது. போகப் போக இன்னும் தள்ளி. என் சுரம் கையோடு போகவில்லை. காலோடு போகிறது. கைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் கிடைக்கிறது பார், என் நல்ல லைன் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. அந்த இடம் கலையாமல் இருக்க நான் சுரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். நிறைய வாசித்த இடத்தில் இரண்டே இரண்டு வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன்.

இதை யோசித்து நான் செய்யவே இல்லை. வாசிக்கும்போது நான் பார்ப்பது உன் வலது முழங்கால் ஒன்றைத்தான். அது மேலே எழும், நான் விரலைத் தந்தியில் வைத்துக்கொண்டு நிற்பேன், அது இறங்கும்போது நானும் இறங்குவேன். வருஷக்கணக்காக இதுதான் என் வேலை.

நேற்று வகுப்பில் இதைச் சொன்னேன். ஆரம்பத்து டேப்பையும் கடைசி டேப்பையும் போட்டுக் காட்டி, "என் பாஸ் லைனுக்குப் பாதிப்பு வேற யாரும் இல்ல, எங்க அண்ணனோட கால்தான்" என்றேன். பல் டாக்டர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். பிரின்சிபால் அம்மா சிரித்தார். அவர் சிரித்ததை நான் நேற்றுத்தான் முதல் தடவை பார்த்தேன்.

நீ லேட் இல்லை. குமாஸ்தாவுக்கும் ஜெராக்ஸுக்கும் உன்னைக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நிதானமாக ஒருத்தன் கால் வைத்தால் அவசரக்காரர்களுக்கு அது லேட்டாகத்தான் தெரியும். துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்து வாசி. விடுமுறைக்கு வருகிறேன், ஒரு பாட்டாவது சேர்ந்து வாசிப்போம்.

உன் சுண்டு

ஜூன் 6

சுண்டு,

உன் ஏப்ரல் மாதக் கடிதத்துக்கு இப்போது பதில்.

அது வந்தபோது சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை. டிப்போவுக்கு எடுத்துப் போய் இரண்டு பேருக்குப் படித்துக்கூடக் காட்டினேன். துணியை எடுத்து டிரம்ஸைத் துடைத்துவைத்தேன்.

போன மாதம் வண்டியை டிப்போவுக்குள் கொண்டுவந்தேன். டீசல் போடுகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதித்துவிட்டேன் என்றுதான் என் மூளைக்குத் தெரியும். கால் அதற்கு அப்புறம்தான் போனது. வண்டி தூணில் மோதியது. உள்ளே பயணிகள் யாரும் இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம் வண்டி கழுவுகிறவர் வாளியை எடுக்கக் குனிந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தத் தூண்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்ன டிரைவரே, தூக்கமா?" என்றார். என்னால் சீட்டை விட்டு இறங்க முடியவில்லை.

லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். ஒயர் வைத்துப் பார்த்தார். காலுக்குப் போகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். மூளை சொல்வது காலுக்குப் பிந்திப் போய்ச் சேருகிறது. ஒரு நாள் போய்ச் சேராமலே நின்றுவிடும். எப்போது இருந்து என்று கேட்டார். ரெண்டு மூணு மாசமா இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. "நாலு வருஷமா, டாக்டர். என் தங்கச்சி டேப் போட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பவே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அண்ணி அழ ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாலு வருஷம் சுண்டு. குமாஸ்தாவுக்கு இரண்டாவது பாட்டில் தெரிந்தது. உனக்குத் தெரியவில்லையா? நான் நொண்டியபோது நீயும் கூடவே நொண்டினாய். இரண்டு பேர் சேர்ந்து ஒரே மாதிரி நொண்டினால் பார்க்கிறவனுக்கு அது நடை. ரசித்தார்கள். என் வியாதியை நீ இழைத்து இழைத்துப் பாட்டாக்கினாய். அதற்கு உன் வகுப்பில் கைதட்டல் வேறு.

நீ மட்டும் ஒரு தடவை எனக்காக நிற்காமல் உன் பாட்டுக்குப் போயிருந்தால், நான் பின்தங்குவது எனக்கே கேட்டிருக்கும்.

இனி எழுதாதே. வரவும் வேண்டாம்.

அண்ணன்

ஜூன் 12

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டுவதென்றால் இதற்கும் சேர்த்துத் திட்டு.

எனக்குத் தெரியாது அண்ணா. சத்தியமாகத் தெரியாது. தெரிந்து மறைத்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. உன் கடிதத்தை வகுப்புக்கு நடுவில் பிரித்துவிட்டேன். பல் டாக்டர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கிட்டாரைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த டேப்புகளை நானே போட்டு, நானே விரலை நீட்டி, இங்கே பாருங்கள், எவ்வளவு அழகு என்று காட்டினேனே. உன் கால் சாவதை வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறேன். வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கோபப்பட்டாலும் சரி, கேட்டுவிடுகிறேன். காலைப் பார்க்கச் சொன்னது யார்? அப்போது எனக்குப் பதினாறு வயசு. எல்லாரையும்போல நான் உன் கையைப் பார்த்து வாசித்தேன். நீ குச்சியால் என் கிட்டாரின் கழுத்தில் தட்டி, "கையைப் பாக்காத, காலைப் பாரு. நான் எங்க வைக்கிறேனோ அங்க வை. சரியா தப்பான்னு யோசிக்காத, அது என் வேலை" என்றாய். நீ வைத்த இடத்தில் வைத்தேன். ஒரு நாளும் உன்னை முந்தவில்லை. நல்ல தங்கச்சியாக இருந்தேன், அதுதான் நான் செய்தது. நீயும்தான் அங்கே உட்கார்ந்திருந்தாய், உனக்கும் காது இருந்தது. உனக்கு அது லேட்டாகக் கேட்கவில்லையே. ஏன்? நான் உன் கூடவே இருந்ததால்தான் என்று சொல்வாய். தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே யோசிக்க முடியவில்லை.

இங்கே ஒரு ரிகார்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காதுக்குள் டிக் டிக் என்று மெஷின் ஓடும், அதோடு வாசிக்க வேண்டும். மூன்று தடவை எடுத்தார்கள். ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர், "மேடம், நீங்க யாருக்காகவோ வெயிட் பண்றீங்க" என்றார். வேறு ஒருவரை வைத்து முடித்துக்கொண்டார்கள். எனக்கு வருத்தமே இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. எனக்கும் ஏதோ ஒன்று கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருகிறேன்.

சுண்டு

ஆகஸ்ட் 20

சுண்டு,

ஜூனில் நீ வந்து கீழே கேட் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். தோளில் பை, முகம் வீங்கியிருந்தது. அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்ததையும், நீ குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றதையும் பார்த்தேன். நான் இறங்கி வராதது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம். மீதி, அந்த மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து வைத்துத்தான் இறங்க முடிகிறது. நீ வேறு எங்கேயும் பார்க்க மாட்டாய், காலைத்தான் பார்ப்பாய். அதனால் வரவில்லை.

கணுக்காலில் இருந்து முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் கவசம் கொடுத்திருக்கிறார்கள். செருப்புக் கடையில் வலது காலுக்குத் தனியாக ஒரு அளவு பெரிசாக வாங்க வேண்டியிருக்கிறது. வேலையை விட்டு அனுப்பவில்லை. டைம் கீப்பர் கூண்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எவ்வளவு லேட்டாக வந்தது என்று எழுதுவது இப்போது என் வேலை. சிரிப்பதென்றால் சிரி. நான் முதல் நாள் சிரித்தேன். அப்புறம் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், அண்ணி இல்லாமல். முன்னாடியே வந்திருந்தால் நின்றிருக்குமா என்று. "நின்னிருக்காது. கொஞ்சம் மெதுவா ஆகியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அந்தக் கொஞ்சத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கொஞ்சத்தில் எத்தனை நாள் ஓட்டியிருப்பேன், எத்தனை கச்சேரி வாசித்திருப்பேன். உன்மேல் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காலைப் பார் என்று சொன்னது நான்தான். அதுவும் ஞாபகம் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு உள்ளேயே கிடக்கட்டும்.

ஒரு வேலை இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். தினமும் காலால் எதையாவது அழுத்திப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். டிரம் பெடல் இருக்கிறது என்றேன், ரொம்ப நல்லது என்றார். தாளத்தோடு அழுத்தி, மாதா மாதம் எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியுமாம். அந்த டிக் டிக் மெஷினை வைத்து உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஒரு பாஸ் லைன் எழுதி டேப்பில் வாசித்து அனுப்பு. சும்மா சுலபமாக இருந்தால் போதும். ஆனால் நேராக வாசி. மெஷின் எங்கே தட்டுகிறதோ அங்கே வை. இந்தத் தடவை எனக்காகக் காத்திருக்காதே. நான் எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்

செப்டம்பர் 14

அண்ணா,

டேப் இத்துடன் இருக்கிறது.

ஒரு பக்கம் முழுக்க ஒரே லைனைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். இதை எழுத இத்தனை நாள் ஆனது. சுலபமான லைன் என்றாயே, என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டது கிடையாது. முதலில் அந்தப் பழைய சுவரை நினைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு சுரம் தாண்டியதும் ஒரு இடம் விட்டுவிட்டேன். யாருக்கு விட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்துப் போட்டேன். மாமாவின் இடது கை மாதிரி எழுதிப் பார்த்தேன், அதிலும் ஒரு இடம் வந்து நின்றது. ரெகே பக்கமே போகவில்லை. கடைசியில் முதல் வாரம் சேர்ந்த மாணவனுக்குக் கொடுப்பது போல, ஏறி இறங்குகிற வெறும் லைன் ஒன்று எழுதினேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம், நடுவில் மூச்சு விடக்கூட இடம் இல்லை. இதில் யாருடைய பாதிப்பும் இல்லை. நீயும் இல்லை.

வகுப்பு அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசித்தேன். கதவுக் கண்ணாடியில் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டேன். எனக்கு எதிரே நாற்காலி இருந்தால் என் கண் அதன் வலது பக்கம் போகிறது, உன் முழங்கால் இருக்க வேண்டிய உயரத்துக்கு. அதனால் நாற்காலியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு போனேன். நேராக வாசித்திருக்கிறேன் அண்ணா. உனக்காக நிற்கவில்லை. உன்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது போல இருந்தது. நீ கேட்டதால் செய்தேன்.

போட்டுக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. அப்படியே கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.

மருந்து வேலை செய்கிறது என்று எழுது. அதை மட்டும் எழுது, வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சுண்டு

அக்டோபர் 3

சுண்டு,

டேப் வந்த அன்றைக்கே உட்கார்ந்தேன். மற்ற டிரம்மை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பெரிய டிரம்மை மட்டும் இழுத்துவைத்து, கவசத்தோடு காலைப் பெடலில் வைத்தேன். பயமாக இருந்தது. டேப்பைப் போட்டேன்.

கால் சரியாக விழுந்தது. முதல் சுரத்திலேயே. இரண்டாவதும் சரியாக விழுந்தது. உன் சுரமும் என் காலும் ஒன்றாக, பழைய டேப்பில் இருக்கிற மாதிரி. நான் நிறுத்தவில்லை, பக்கம் முடிகிற வரைக்கும் வாசித்தேன். அண்ணி கை ஈரத்தோடு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சரியா விழுதே" என்றார்கள். ஆமாம் என்றேன். மருந்து பிடித்துக்கொண்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம். மறுநாள் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, லேட்டாக வந்த வண்டிகளுக்கெல்லாம் லேட் போடாமல் விட்டேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தோம். அண்ணி வீட்டில் பாட்டு முணுமுணுத்தார்கள்.

சனிக்கிழமை கண்ணாடி வந்தான். பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவன் ஹெட்போனை மாட்டி டேப்பைத் தனியாகக் கேட்டான். திரும்ப ஒரு தடவை கேட்டான். அப்புறம் பக்கத்தில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். இந்தத் தடவை கேட்டேன். "சொல்லித் தொலைடா" என்றேன். உன் காதில் ஓடிய மெஷின் சத்தம் லேசாக டேப்பிலும் விழுந்திருக்கிறது. ஹெட்போனில்தான் கேட்கிறது. டிக் என்கிறது. அப்புறம் உன் சுரம் வருகிறது. ஒவ்வொன்றும் அப்படித்தான். "சுண்டு மெஷினோட இல்லடா. ரொம்பப் பின்னாடி வர்றா" என்றான்.

ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன். மெஷினோடு காலை வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. டிக் போய் எங்கோ நிற்கிறது, கால் அதற்கப்புறம் வருகிறது. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டாக்டரிடமும் போய்வந்தோம். மருந்து பிடிக்கவில்லை. வேகமாகத்தான் போகிறதாம். அதையும் எழுதிவிட்டேன், நீ கேட்டாயே.

உன்னைத் திட்டலாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன். இவ்வளவு சொல்லியும் மறுபடியும் என் தாமதத்தை மூடி மறைத்துவிட்டாயே என்று. ஆனால் கண்ணாடி நம் கடைசி ஒத்திகை டேப்பையும் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். அதில் கால் பிந்துவதைவிட இப்போது நிறையப் பிந்துகிறது. நீயும் இப்போது அவ்வளவு பிந்தி வாசித்திருக்கிறாய். என் கால் எங்கே விழுகிறதோ சரியாக அங்கே. என் காலைப் பார்த்து உனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது சுண்டு. நாற்காலியை எல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து வாசித்தவள் நீ. இது இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று உன் விரலுக்கு யார் சொன்னது? எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கிற கேள்வியும் இல்லை. அதற்கு அப்புறம் திட்ட வரவில்லை.

டாக்டருக்கு வேறு டேப் வேண்டும். அந்தப் பல் டாக்டரையோ வேறு யாரையோ வாசிக்கச் சொல்லி அனுப்பு. நீ வாசிக்காதே, உனக்கு வராது. இந்த டேப்பை நான் திருப்பித் தர மாட்டேன். டிப்போவில் இருந்து வந்ததும் தினமும் இதைப் போட்டுத்தான் உட்காருகிறேன். அது ஓடுகிற வரைக்கும் நான் லேட் இல்லை.

இந்த மாதமே வா. பாஸை எடுத்துக்கொண்டு வா. கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன், நீயே மேலே ஏறி வந்துவிடு. எதிரே நாற்காலி போடுகிறேன், காலைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா. நீ காத்திருப்பதற்கு இந்தக் கால் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இறங்கும்.

அண்ணன்